சொந்த வார்த்தை

ஆன்லைனில் சமூகவியல் அறிமுகப் பாடம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி அதன் விதிமுறைகளைக் காட்டினாள். வாராவாரம் வாசி, கெடு தவறாதே, சொந்த வார்த்தையில் எழுது. சரிதான். வீட்டுக்கே ஒரு செல்போன், அது அவள் கைக்கு வர ராத்திரி பதினொண்ணு ஆவுது என்பது மட்டும் விதியில் இல்லை. கெடுவை நீட்டிக் கேளுங்கள் தோழர்களே, அது பிச்சை இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தச் 'சொந்த வார்த்தை'. எம்.என்.சீனிவாஸ் 1952இல் குடகர் பற்றிய நூலில் முன்வைத்த 'சமஸ்கிருதமயமாக்கம்' பற்றிக் கேள்வி. "எங்க தெருவுக்குத் தேர் வராது, நாங்க யாரைப் பார்த்து எப்படி மாறினாலும் வராது" என்று எழுதியிருக்கிறாள். 'இது அனுபவம், சமூகவியல் அல்ல' என்று திருத்தியவர் குறிப்பு. மார்க் இல்லை. விட்டுடட்டுமாண்ணே என்றாள்.

விடக்கூடாது. 1916 மே 9இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் எல்லாரையும் படித்து எடைபோட்டுத்தான் அகமணமே சாதியின் உயிர்நாடி என்றார். நாமும் அவங்க பட்டியலை முழுசா வாசிக்கணும் (எரிச்சலாத்தான் இருக்கும்). பிறகு தேரை நிறுத்துவது யார், எந்த முக்கில், அந்தக் கோட்பாடும் அதே முக்கில் ஏன் நின்றுவிடுகிறது என்று எழுதணும்.

ஞாயித்துக்கிழமை கெடு. திருப்பி எழுதிக்கிட்டிருக்கா.