ஒரு நகரமும் ஒரு குளமும் போதும்

நோன்புப் பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில்தான் எங்கள் பகுதிக் குடும்பங்கள் பல சுற்றுலா போகின்றன. கல்முனைப் பக்கமிருந்து ஒரு வான் புறப்பட்டால், கண்டி, நுவரெலியா, சிகிரியா, தம்புள்ளை எல்லாவற்றையும் இரண்டே நாளில் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். "வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடுவோம்" என்பது அச்சட்டத்தின் முதல் வாசகம். இதை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டு வருடங்களுக்கு முன் நாங்களும் அப்படித்தான் போனோம். பதினான்கு பேர், ஒரு வான். உம்மும்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தைப் பார்க்க வேண்டும். அவருடைய வாப்பா வயல் செய்தவர். குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்ற பேச்சோடுதான் அவர்கள் வீட்டில் ஒவ்வொரு போகமும் தொடங்குமாம். "திரும்பி வரும்போது கட்டாயம் பார்ப்போம்" என்று எல்லோரும் வாக்களித்தோம். கண்டிக் கடைத்தெருவில் இரண்டு மணித்தியாலம் போனது. நுவரெலியாவில் வாகன நெரிசல். பொலன்னறுவைக்கு வரும்போது இரவு ஒன்பது மணி. வானுக்குள் எல்லோரும் தூக்கம். உம்மும்மா மட்டும் கண்ணாடியோடு முகத்தை வைத்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னம்பிட்டியைத் தாண்டியபோது, "குளம் எங்க புள்ள?" என்று என்னிடம் கேட்டார். அது பின்னால் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உம்மாவின் கதை வேறு. புறப்படும் முன்னிரவு முழுவதும் சோறு கட்டினார். தங்கிய இடத்திலும் அடுப்பு மூட்டினார். வீட்டுக் குசினியை மலைநாட்டுக்கு இடம் மாற்றியதுதான் அவர் கண்ட சுற்றுலா.

இம்முறை திட்டம் போடும் வேலையை நானும் ராத்தாவும் கேட்டு வாங்கிக்கொண்டோம். மூன்று நாள், இரண்டு இடம். மகியங்கனை ஊடாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போவது. பின் மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பொலன்னறுவைக்கு வந்து, மட்டக்களப்பு ஊடாக வீடு திரும்புவது. போன பாதையில் மீண்டும் வரத் தேவையில்லை.

கண்டியில் முதல் நாள் மாலை, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த வாவியைச் சுற்றி ஆறுதலாக ஒரு நடை. மறுநாள் காலை பேராதனைப் பூங்கா. மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் 147 ஏக்கர் நிலம் அது. அரை மணித்தியாலத்தில் ஓடிப் பார்க்கும் இடமல்ல. புல்வெளியில் பாய் விரித்து இருந்தால்தான் அதன் அருமை தெரியும்.

இந்த இரண்டு இடங்களையும் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. பேராதனையில் நாம் பார்க்கும் மகாவலி நீரில் ஒரு பகுதி, பொல்கொல்லவில் திருப்பப்பட்டு, மலைக்குள் வெட்டிய சுரங்கத்தினூடாக உக்குவளைப் பக்கம் போய், அம்பன் கங்கையோடு சேர்கிறது. அம்பன் கங்கைதான் பராக்கிரம சமுத்திரத்துக்கு நீர் கொடுக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய, சுமார் 14 கிலோமீற்றர் நீள அணைக்கட்டுள்ள குளம் அது. நகரத்தில் பார்த்த தண்ணீரையே நாட்டுப்புறத்து வயலோரத்தில் மறுபடி பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் வரைபடமாகப் படித்ததைத் தம்பிமார் கண்ணால் காண்பார்கள்.

வாப்பா சும்மா விடவில்லை. "மூன்றாம் நாள் செலவுக்கு என்ன வழி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எத்தனையோ மாதம் சேமித்துத்தான் ஒரு பயணம் போகிறோம். கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினோம். நுவரெலியாவையும் சிகிரியாவையும் விட்டால் டீசலும் நுழைவுச் சீட்டும் மிச்சம். அந்தப் பணம் ஓர் இரவு தங்கவும், கண்டியிலும் கதுறுவெலயிலும் உள்ள முஸ்லிம் கடைகளில் சாப்பாடு எடுக்கவும் பெரும்பாலும் போதும். உம்மா அடுப்பைத் தொடவே கூடாது என்பது எங்கள் நிபந்தனை. மின்னேரியாப் பாதையில் மாலையானால் யானைகள் குறுக்கிடும் என்பதால், பகல் வெளிச்சத்திலேயே அதைக் கடந்துவிட வேண்டும் என்பதையும் எழுதி வைத்தோம்.

பெற்றோர்களே, பயணத் திட்டம் போடும்போது இடங்களின் பெயரை எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் கேளுங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்? தினமும் சமைப்பவர் எங்கே சற்று இருக்க விரும்புகிறார்? பிள்ளைகளுக்கு இன்னும் பல லீவுகள் வரும். உம்மும்மாவின் முழங்கால்கள் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக மறுப்புச் சொல்கின்றன.

எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் ராத்தா பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பராக்கிரம சமுத்திரம், அஸருக்கு முன்." மற்றவை எல்லாம் அதற்குக் கீழேதான். இன்ஷா அல்லாஹ், இம்முறை அந்தக் குளத்தை உம்மும்மா வெளிச்சத்தில் பார்ப்பார்.