கொல்லிமலை மண்ணும் புரட்டாப் பெருக்கியும்

கொல்லிமலையில் மிளகும் காபியும் வைத்திருப்பவர்களுக்கு மண்ணின் பிஎச் தெரிந்தாக வேண்டும். சுண்ணாம்பு இடுவதா, எவ்வளவு இடுவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். மாதிரியைக் கீழே அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ தோட்டத்தில் நின்றபடியே அளக்கும் கையடக்கக் கருவியைச் செய்வது நம் துறையினருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அதன் முதல் கட்டத்தில், கண்ணாடி மின்முனையை அடுத்து வரும் ஆப்-ஆம்பில், நாம் போதிய கவனம் வைப்பதில்லை.

புரட்டாப் பெருக்கி என்றதும் மாணவர் சொல்வது ஒரு சூத்திரம்: பின்னூட்ட மின்தடையைத் தரை மின்தடையால் வகுத்து ஒன்றைக் கூட்டு. 30 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் என்றால் பெருக்கம் 4. குறிகை நேரே கூட்டல் முனைக்குப் போகிறது. வெளியீட்டில் ஒரு பங்கு இரு மின்தடைகள் வழியே கழித்தல் முனைக்குத் திரும்புகிறது. இரு முனைகளும் ஏறக்குறையச் சமமாகும் வரை வெளியீடு நகர்கிறது. 741-இன் திறந்த பெருக்கம் வழக்கமாக 2 லட்சம் என்பதால், 2 வோல்ட் வெளியீட்டுக்கு முனைகளிடையே 10 மைக்ரோவோல்ட் வேறுபாடு போதும். அதனால்தான் பெருக்கத்தைச் சில்லு நிர்ணயிப்பதில்லை, மின்தடைகள் நிர்ணயிக்கின்றன. 1927-இல் ஹெரால்ட் பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்டத்தின் பயன் இது.

இவ்வளவும் வகுப்பறையில் சொல்லப்படுகிறது. மின்முனையின் பக்கமிருந்து பார்ப்பதுதான் விட்டுப்போகிறது. கண்ணாடி மின்முனையின் மின்தடை 100 மெகா ஓம் அளவில் இருக்கும். அது தருவதோ, 25 டிகிரியில், ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட். புரட்டும் பெருக்கியில் உள்ளீட்டு மின்தடை நாம் வைக்கும் மின்தடைதான். 10 கிலோ ஓமை இந்த மின்முனையோடு இணைத்தால் குறிகை அங்கேயே செத்துவிடும். புரட்டாப் பெருக்கியோ மூலத்திடமிருந்து ஏறக்குறைய எதையும் கேட்பதில்லை. இந்தச் சுற்றை நாம் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான், பெருக்கத்துக்காக அல்ல.

அந்த "ஏறக்குறைய" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும் எல்எம்358-இன் உள்ளீட்டுச் சார்பு மின்னோட்டம் 20 நானோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 100 மெகா ஓமில் அது 2 வோல்ட் பிழை. டிஎல்072-க்கு வழக்கமான மதிப்பு 65 பிக்கோ ஆம்பியர், பிழை 6.5 மில்லிவோல்ட், அதாவது 0.1 பிஎச்சுக்குச் சற்று மேல். எல்எம்பி7721 போன்றவற்றில் இது சில ஃபெம்டோ ஆம்பியர் மட்டுமே. சூத்திரம் மூன்றுக்கும் ஒன்றுதான், கருவி ஒன்றல்ல.

நல்ல சில்லைப் போட்டாலும் மலை விடுவதில்லை. மூடுபனி இறங்கும் காலையில் சுற்றுப்பலகையின் மேல் ஈரம் படிகிறது. 5 வோல்ட் தடத்துக்கும் 2.5 வோல்ட்டில் நிற்கும் உள்ளீட்டுக்கும் இடையே 10 கிகா ஓம் கசிவு ஏற்பட்டால் கால் நானோ ஆம்பியர் ஓடும். அது 25 மில்லிவோல்ட், 0.4 பிஎச்சுக்கு மேல். சுண்ணாம்புக் கணக்கே மாறிவிடும். பரிகாரமும் இந்தச் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. கழித்தல் முனை எப்போதும் கூட்டல் முனையின் அழுத்தத்திலேயே நிற்பதால், உள்ளீட்டைச் சுற்றி ஒரு காப்பு வளையம் வரைந்து அதைக் கழித்தல் முனையோடு இணைத்தால், கசிவு வளையத்தோடு நின்றுவிடும். செலவு ஒரு செம்புத் தடம். பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்துப் பூச்சுப் பூசுவது அடுத்த வேலை.

ஒற்றை மின்வழங்கியில் இன்னொரு கண்ணி உண்டு. பிஎச் குறிகை இரு திசையிலும் போவதால் மின்முனையை 2.5 வோல்ட்டில் தூக்கி நிறுத்துகிறோம். அப்போது 10 கிலோ ஓமின் மறுமுனை தரைக்குப் போகக் கூடாது, அதே 2.5 வோல்ட்டுக்குத்தான் போக வேண்டும். தரைக்குப் போனால் 2.5 வோல்ட்டும் நான்கு மடங்காகி, வெளியீடு உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெப்பநிலையைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். காரவள்ளி அடிவாரத்தில் 25 டிகிரியில் சரிபார்த்த கருவி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 15 டிகிரியில் வேலை செய்தால் சரிவு 57.17 மில்லிவோல்ட்டாகக் குறையும். பிஎச் 5 உள்ள மண்ணில் அதனால் வரும் பிழை 0.1-க்கும் குறைவு. திருத்த வேண்டியதுதான், ஆனால் கசிவையும் சார்பு மின்னோட்டத்தையும் விட்டுவிட்டு இதிலிருந்து தொடங்குவது வீண்.

இந்த இதழுக்கு அளவீட்டுக் கருவிகள் பற்றி எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். பெருக்கத்தைக் குறிப்பிடும்போது மூலத்தின் மின்தடையையும் சில்லின் சார்பு மின்னோட்டத்தையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். பலகையின் படத்தில் உள்ளீட்டுப் பகுதி தெளிவாகத் தெரியட்டும். கருவியை ஈரக் காற்றில் வைத்து எடுத்த அளவுகளையும் அனுப்புங்கள். இவை இருக்கும் கட்டுரைகளுக்கே முதலிடம் தருவோம்.