சிக்ஸ் பேக் வந்துச்சு, வேற ஒண்ணு போயிடுச்சு

தலைப்பைப் பார்த்துட்டு சிரிச்சிருப்பீங்க. பரவாயில்லை, சிரிச்சுக்கிட்டே படிங்க. இந்த இதழ்ல பிளேஸ்மென்ட் பத்தி எழுதுறோம், அரியர் பத்தி எழுதுறோம், காதல் தோல்வி பத்தி நாலு பக்கம் எழுதுறோம். ஜிம்முக்குப் போற ஒவ்வொரு பையனுக்கும் தெரிய வேண்டிய இந்த விஷயத்தை மட்டும் யாரும் தொடல. நான் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப் பிழை இருந்தா எடிட்டர் பார்த்துக்குவார். விஷயத்துல பிழை இல்லாம நான் பார்த்துக்கறேன்.

கேள்வி இதுதான். அளவு மீறி உடற்பயிற்சி செஞ்சா ஆண்மை பாதிக்குமா? பாதிக்கும். எனக்குப் பாதிச்சுது.

எனக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். போன பிப்ரவரியில, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகறேன்னு வீட்ல சொல்லிட்டு ஆரம்பிச்சேன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், அவ்வளவுதான். அதுக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? காலைல அஞ்சு மணிக்கு புளியங்குடி ரோட்டுல 8 கிலோமீட்டர். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஜிம். வாரத்துல ஏழு நாளும். சோறு பாதி, ராத்திரிச் சாப்பாடு சுத்தமா கட். எங்க அம்மா தட்டை வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாங்க, நான் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துருவேன். அஞ்சு மாசத்துல 74 கிலோவிலிருந்து 63. வயித்துல கட்டு கட்டா வந்துச்சு. போட்டோ போட்டா லைக் அள்ளுச்சு.

ஜூலையில சீசனுக்கு பசங்களோட குற்றாலம் போனேன். எல்லாரும் ஐந்தருவியில ஆட்டம் போடறானுங்க. நான் ரெண்டே நிமிஷத்துல பல்லு தந்தியடிக்க வெளிய வந்து துண்டைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்துட்டேன். "என்னலே, கிழவன் மாதிரி நடுங்குத?"ன்னு கேட்டானுங்க. அவங்ககிட்ட சொல்லாத விஷயம் வேற ஒண்ணு இருந்துச்சு. காலைல தூங்கி எழும்போது ஆம்பளைங்களுக்குத் தானா வர்ற விறைப்பு எனக்கு நின்னு ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. ஆசையும் இல்லை. ஒரு பொண்ணைப் பார்த்தா சுவரைப் பார்க்கற மாதிரி இருந்துச்சு.

இருபத்தோரு வயசுல இது எப்படி இருக்கும்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். யார்கிட்ட கேட்கறது? அப்பாகிட்டயா? கடைசியில ஜிம்முல ஒரு அண்ணன்கிட்ட மறைமுகமா கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "டெஸ்டோஸ்டிரோன் ஊசி இருக்குடா, பத்து வாரம் போடு, உடம்பும் ஏறும், அதுவும் சரியாகும்"னாரு. இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாண்ட் சுவத்துல "ஆண்மைக் குறைவா? ரகசிய சிகிச்சை"ன்னு போஸ்டர். அந்த போன் நம்பரை மொபைல்ல டைப் பண்ணி மூணு தடவை அழிச்சிருக்கேன்.

நல்லவேளை, திருநெல்வேலியில ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவரு முதல்ல கேட்டது, "தம்பி, நேத்து காலைல இருந்து என்னென்ன சாப்பிட்டே? எத்தனை மணி நேரம் தூங்கினே?" காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தாங்க, இன்னொரு நாளும் எடுத்தாங்க. சர்க்கரை இல்லை, தைராய்டு சரி. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் என் வயசுக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கம்மி. அவரு மருந்து எதுவும் எழுதலை. "ஓடறதைப் பாதியாக்கு, சாப்பாட்டை முழுசாக்கு, மூணு மாசம் கழிச்சு வா"ன்னாரு.

இனி நம்ம பாஷையில, கணக்குல பார்ப்போம். ஓடறதுக்குத் தோராயமா ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி செலவு. 65 கிலோ ஆள் 8 கிலோமீட்டர் ஓடினா 520. ஜிம்முக்கு 300 வச்சுக்குங்க. மொத்தம் 820. நான் சாப்பிட்டது 1500 இருந்தா பெரிசு. மிச்சம் 680. சும்மா படுத்திருந்தாலே இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் சேர்ந்து என் உடம்புக்கு 1600 பக்கம் வேணும். மீதிக்கு எங்க போறது? கொழுப்பைக் கரைச்சு கொஞ்சம் சமாளிக்கும். அதுவும் குறைஞ்சதும் உடம்பு மின்வாரியம் மாதிரி யோசிக்கும். கரண்ட் பத்தலைன்னா ஆஸ்பத்திரி லைனை விட்டுட்டு மத்த ஃபீடரை ஆஃப் பண்ணுவாங்கல்ல, அதேதான். உயிர் வாழ இப்போதைக்குத் தேவையில்லாத லைன் எது? இனப்பெருக்கம். மூளையில இருக்கற ஹைப்போதலாமஸ் சிக்னலைக் குறைக்கும், பிட்யூட்டரி அடங்கும், விரைக்கு உத்தரவு வராது, டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். குளிர் தாங்காதது, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இதே லோட் ஷெட்டிங்தான்.

இது என் கதை மட்டும் இல்லை. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வச்சு ஒரு சோதனை நடத்தினார். ஆறு மாசம் அரை வயித்துச் சாப்பாடு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவங்களுக்குக் காம ஆசை கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். 2017ல வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்துல ஆன்டனி ஹாக்னி குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள்கிட்ட கேள்வி கேட்டு எழுதின ஆய்வுல, நீண்ட நேரம், கடுமையா பயிற்சி செய்யறவங்களைவிட மிதமா செய்யறவங்களுக்குத்தான் ஆசை நல்லா இருந்துச்சு. கேள்வித்தாள் ஆய்வுங்கறதால இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா திசை தெரியுது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே, செலவுக்கு ஏத்த சாப்பாடு இல்லாத விளையாட்டு வீரர்களுக்கு வர்ற இந்தப் பிரச்சினை பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண்களுக்கும் உண்டுன்னு அறிக்கை விட்டுச்சு.

இப்ப அந்த அண்ணன் சொன்ன ஊசிக்கு வருவோம். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஈஸி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ள போனா, மூளை "போதும் போதும், நிறைய இருக்கு"ன்னு நினைச்சு உள் உற்பத்தியை நிறுத்திடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். நம்ப முடியலையா? உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாவே சோதிச்சிருக்கு. 1990ல வெளிவந்த அந்த ஆய்வுல 7 நாடுகளைச் சேர்ந்த 271 பேருக்கு வாரம் ஒரு ஊசி. பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். நிறுத்தினதும் திரும்பி வந்துச்சு, ஆனா அதுக்கே மாசக்கணக்கு ஆச்சு. அது டாக்டர்கள் அளந்து போட்டது. ஜிம் பையில ஒளிச்சு வச்சிருக்கற பாட்டில்ல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கருத்தடை ஊசியை ஆண்மைக்குன்னு விக்கறாங்க, நாமளும் காசு கொடுத்து வாங்கறோம். அந்தச் சுவர் போஸ்டரும் அப்படித்தான். இந்த மாதிரி மருந்து விளம்பரத்தைத் தடை பண்ணி 1954லேயே சட்டம் வந்தாச்சு. சுவத்துக்கு அது தெரியாது போல.

"அப்போ ஜிம்முக்கே போக வேண்டாம்"னு முடிவு பண்ணிட்டு பரோட்டா கடைக்குக் கிளம்பிடாதீங்க. 2004ல இத்தாலியில விறைப்புப் பிரச்சினை இருந்த 110 குண்டான ஆண்களை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. சாப்பாட்டைச் சரி பண்ணி, உடற்பயிற்சி கூட்டின குழுவுல ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு அந்தப் பிரச்சினை சரியாச்சு. ஓட்டம் ரத்தக் குழாய்க்கு நல்லது, ரத்தக் குழாய் நல்லா இருந்தாத்தான் விறைப்பு. தப்பு ஓட்டத்துல இல்லை. செலவைக் கூட்டி வரவைக் குறைச்சு, ஓய்வே கொடுக்காம விட்டதுலதான் தப்பு. சைக்கிள்ல நீண்ட தூரம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை: அடியில மரத்துப் போனா அதைப் பொறுத்துக்காதீங்க. நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம். சீட்டை மாத்துங்க, நடுவுல எழுந்து நின்னு மிதிங்க.

என் கருத்தைச் சொல்றேன். அளவு மீறி ஓடற பொண்ணுங்களுக்கு மாதவிடாய் நின்னா, எங்கயோ தப்பு நடக்குதுன்னு உடம்பே காலண்டர்ல எழுதிக் காட்டிடுது. நமக்கும் அப்படி ஒரு காலண்டர் உண்டு, அது காலை விறைப்பு. ஒரு நாள் ரெண்டு நாள் வராததெல்லாம் சகஜம். வாரக்கணக்குல வரலைன்னா உடம்பு ஏதோ சொல்லுது. அதைக் கெட்ட வார்த்தையா நினைச்சு வாயை மூடிக்கிறோம். அந்த மௌனத்துலதான் ஊசிக்காரனும் போஸ்டர்காரனும் பொழைக்கிறாங்க. காய்ச்சல்னு சொல்ற மாதிரி இதையும் சாதாரணமா சொல்ற நாள் வரணும். நம்ம கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் முதல் வருஷப் பசங்களுக்கு அரை மணி நேரம் இதைப் பேசினா போதும். ஜிம் டிரெய்னர்கள் "எத்தனை கிலோ தூக்கறே?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "என்ன சாப்பிடறே, எப்படித் தூங்கறே?"ன்னு கேட்கணும். கூச்சமா இருந்தா இந்தக் கட்டுரையை ஒட்டிப் போடட்டும்.

நான் இப்போ வாரத்துக்கு நாலு நாள் ஓடறேன். ராத்திரி மூணு தோசை. எடை 69. நாலாவது மாசம் எல்லாம் பழையபடி ஆச்சு. அன்னைக்குக் காலைல எனக்கு வந்த சந்தோஷம் கேம்பஸ்ல வேலை கிடைச்சப்பகூட வரலை. 1500 மீட்டர் டைமிங்கும் முன்னைவிட நல்லா இருக்கு, பட்டினி கிடந்தப்போ வராத டைமிங்.

சிக்ஸ் பேக் போயிடுச்சு. அம்மா இப்போ தட்டோட வாசல்ல நிக்கறதில்லை. உங்களுக்கு இது மாதிரி ஏதாவது இருந்தா சுவத்துல இருக்கற நம்பருக்கு போன் போடாதீங்க. டாக்டர்கிட்ட போங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா சொல்லுங்க, நான் கூட வர்றேன்.