பேர்த்தில் ஒரு பங்கு, மன்னாரில் ஒரு தீவு

மன்னார் தீவில் கனிய மணல் பற்றிய பேச்சு புதிதல்ல. ஓலைத்தொடுவாய், தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் என்று எந்த ஊரில் கேட்டாலும் துளையிட வந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கும். கள ஆய்வுக்கென வந்த அரச அதிகாரிகளை மக்கள் மறித்துத் திருப்பி அனுப்பியதும் ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது. 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் தொடங்கிய தொடர் போராட்டம், புதிய காற்றாலைகளோடு சேர்த்துக் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்தது.

இதே மணலுக்கு வேறொரு இடத்திலும் நடமாட்டம் இருக்கிறது. அந்த இடம் அவுஸ்திரேலியப் பங்குச்சந்தை. பேர்த் நகரைத் தளமாகக் கொண்ட 'டைட்டானியம் சாண்ட்ஸ்' என்ற சிறிய நிறுவனம் அங்கே பட்டியலிடப்பட்டது. அதன் பிரதான சொத்து மன்னார் தீவின் கனிய மணல் மீதான ஆய்வு அனுமதிப்பத்திரங்கள். அதாவது, மன்னாருக்கு ஒருநாளும் வராத ஒருவர் தன் கைத்தொலைபேசியில் சில நூறு டொலருக்கு இந்த மணலின் எதிர்காலத்தை வாங்கலாம். மனம் மாறினால் மறுநாளே விற்றுவிடலாம். ஓலைத்தொடுவாயில் வீடு கட்டியிருப்பவருக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

இது ஆயுத நிறுவனம் அல்ல. ஆனால் போர்ச் செய்திகளை நம்பி ஏறி இறங்கும் சிறு பங்குகளின் உலகத்துக்கு அருகில்தான் இதுவும் இருக்கிறது. அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பக்கத்து நாடான இந்தியா கடந்த சில ஆண்டுகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

போர்ச் செய்தி வந்தால் ஏறும் பங்கு

2021 செப்டெம்பரில் 'பாரஸ் டிஃபென்ஸ்' என்ற சிறிய பாதுகாப்புத் தொழில்நுட்ப நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. திரட்ட நினைத்த தொகை சுமார் 171 கோடி இந்திய ரூபா மட்டுமே. விற்பனைக்கு வைத்த பங்குகளைப் போல 304 மடங்குக்கு விண்ணப்பங்கள் வந்தன. 175 ரூபாவுக்குக் கொடுத்த பங்கு, ஒக்டோபர் 1 அன்று சந்தைக்கு வந்தபோது 475 ரூபாவில் திறந்தது.

2023 ஜூலையில் ட்ரோன் தயாரிக்கும் 'ஐடியாஃபோர்ஜ்' வந்தது. 672 ரூபாப் பங்கு முதல் நாளே 1,300 ரூபாவைத் தொட்டது. பின்னர் இராணுவக் கட்டளைகள் எதிர்பார்த்த வேகத்தில் வராமற்போக, 2025 ஏப்ரலில் வெளியீட்டு விலையில் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியது. மே 7 ஆம் திகதி இந்திய – பாகிஸ்தான் மோதல் வெடித்தது. இரு தரப்பும் ட்ரோன்களை ஏவின. சில நாட்களுக்குள் ட்ரோன் பங்குகள் எல்லாமே துள்ளி ஏறின. அந்த நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சில நாட்களில் பெரிதாக எதுவும் மாறியிருக்க முடியாது. மாறியது செய்திதான்.

மூன்றாவது கதை இன்னும் கசப்பானது. 'ட்ரோன்ஆசார்யா' 2022 டிசெம்பரில் 54 ரூபாவுக்குப் பங்கு விற்றது. 262 மடங்கு விண்ணப்பம். சந்தையில் 102 ரூபாவில் தொடங்கியது. 2025 நவம்பரில் இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, திரட்டிய பணத்தைச் சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை, வருமானத்தைக் கூட்டிக் காட்டினார்கள் என்று கண்டறிந்து, நிறுவனத்தையும் அதன் முதலாளிகளையும் இரண்டு ஆண்டுகளுக்குச் சந்தையிலிருந்து தடைசெய்தது. அதற்குள் பங்கு விலை வெளியீட்டு விலைக்கும் கீழே போயிருந்தது. உச்சத்தில் வாங்கிய சிறு முதலீட்டாளர்களின் பணம் திரும்பி வரவில்லை.

வன்னியில் நாம் 'வண்டு' என்று பெயர் வைத்தது ஆளில்லா வேவு விமானத்துக்குத்தான். இலங்கை விமானப்படை அவற்றை இஸ்ரேலிடமிருந்து வாங்கியது. அந்தச் சத்தத்துக்குக் கீழே பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு, அதே வகைப் பொருளைச் செய்யும் நிறுவனத்தின் பங்கு ஏறினால் கொண்டாடும் கூட்டம் ஒன்று உலகில் இருக்கிறது என்பது அப்போது தெரியாது. இன்று தெரிகிறது. தெரிந்த பிறகு, அந்தக் கூட்டத்தின் கணக்குக்குள் நமது கரையும் வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டியது நமது வேலை.

மணலுக்கும் போருக்கும் என்ன தொடர்பு

கனிய மணலில் முக்கியமானது இல்மனைட். இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் கிடைக்கிறது. டைட்டானியம் உலோகம் இரும்பைவிட இலேசானது. வெப்பத்தையும் உப்பு நீரையும் தாங்கும். போர் விமானத்தின் உடல், எஞ்சின் பாகங்கள், நீர்மூழ்கிக் கப்பல், கவசம் என்று அது போகாத படைத்துறை இல்லை. 2022 இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியதும், ரஷ்ய டைட்டானியத்தை வாங்குவதை அமெரிக்க போயிங் நிறுவனம் நிறுத்தியது. 2025 ஏப்ரல் 30 இல் அமெரிக்காவும் உக்ரைனும் கையெழுத்திட்ட கனிய உடன்படிக்கைக்குப் பின்னால் இருந்த கணக்குகளில் டைட்டானியமும் ஒன்று. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், அவுஸ்திரேலியா மூன்றுமே அதைத் தங்கள் 'முக்கிய கனியங்கள்' பட்டியலில் வைத்திருக்கின்றன. 2025 ஒக்டோபர் 20 இல் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் முக்கிய கனியங்களுக்கான ஒப்பந்தம் செய்தபோது, அவுஸ்திரேலியச் சந்தையில் பல சிறு சுரங்கப் பங்குகள் விலை ஏறின.

இந்தக் கதையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. உலகில் தோண்டப்படும் டைட்டானியக் கனியத்தில் மிகப் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், உலோகமாவதே இல்லை. அது வெள்ளை நிறமியாகிறது. வீட்டுச் சுவருக்குப் பூசும் பெயின்ட், பிளாஸ்டிக், காகிதம், பற்பசை ஆகியவற்றுக்குப் போகிறது. போர் விமானம் என்று சொல்லி விலை ஏற்றப்படும் மணல் பெரும்பாலும் பெயின்ட் வாளிக்குள்தான் முடியும். சிறு முதலீட்டாளர் வாங்குவது விமானக் கதையை. விற்பனையாகப் போவது நிறமிக்கான மூலப்பொருள்.

அனுமதிப்பத்திரம் வேறு, சுரங்கம் வேறு

மன்னார் திட்டத்தை வைத்திருந்த மொறீசியஸ் நிறுவனம் ஒன்றை வாங்கி, 2018 இல் டைட்டானியம் சாண்ட்ஸ் இந்தத் தீவுக்கு உரிமை கோரும் பங்காக மாறியது. பின்னர் தீவெங்கும் ஆயிரக்கணக்கான துளைகள் இடப்பட்டன. ஒவ்வொரு கட்டத் துளையிடலுக்குப் பின்னும் சந்தைக்கு ஓர் அறிவிப்பு போனது. ஒவ்வொரு அறிவிப்பிலும் அளவு கூடியது. ஒரு கட்டத்தில் 26 கோடி தொன்னுக்கு மேல் என்றும், பின்னர் சுமார் 31.8 கோடி தொன் என்றும் கணக்குச் சொல்லப்பட்டது. அதில் பாரக் கனியங்களின் பங்கு நூற்றுக்கு 4 அளவில்.

இந்த எண்களைப் படிக்கும்போது மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 'கனிய வளம்' என்பது நிலத்துக்கு அடியில் இருப்பதாக மதிப்பிடப்படும் அளவு மட்டுமே. இலாபத்தோடு, சட்டப்படி, நடைமுறையில் எடுக்கலாம் என்று நிறுவப்பட்டதையே 'இருப்பு' என்று அவுஸ்திரேலிய விதிமுறை சொல்கிறது. வளம் எல்லாம் இருப்பாகிவிடாது. முதற்கட்ட ஆய்வு எதுவும் இருப்பை நிறுவாது என்ற எச்சரிக்கையை அந்த அறிவிப்பிலேயே எழுத வேண்டும் என்பதும் அங்குள்ள விதிதான். சிறிய எழுத்தில் வரும் அந்த வரியைத் தாண்டித்தான் பலர் வாங்குகிறார்கள்.

இரண்டு, ஆய்வு அனுமதிப்பத்திரம் அகழ்வு அனுமதிப்பத்திரம் அல்ல. இலங்கையின் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி நிலத்தடிக் கனியம் அரசுக்கு உரியது. தேடிப்பார்க்க ஓர் அனுமதி, தோண்டி எடுக்க வேறோர் அனுமதி. இரண்டையும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் வழங்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் கரையோரச் சட்டங்களும் நிற்கின்றன. காணிச் சொந்தக்காரரின் சம்மதமும் அங்கேதான் நிற்கிறது.

மூன்று, பங்கின் விலை. இந்தப் பங்கு சில சதங்களிலும், சில காலங்களில் ஒரு சதத்துக்குக் கீழும் கைமாறியது. அவுஸ்திரேலியச் சந்தையில் இவ்வளவு மலிவான பங்கு நகரக்கூடிய மிகச்சிறிய படி 0.1 சதம். அரைச் சதப் பங்கு ஒரு படி ஏறினால் அது 20 சதவீத இலாபம். ஒரு படி இறங்கினால் 20 சதவீத நட்டம். இப்படிப்பட்ட பங்கில் சூதாட்ட மனநிலை உள்ளவர்கள் கூடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. வருமானம் இல்லாத நிறுவனம் செலவுக்குப் புதிய பங்குகளை விற்றே பணம் திரட்டும். இந்த நிறுவனத்தின் பங்குகளின் எண்ணிக்கை நூறு கோடியைத் தாண்டியது. ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் பழைய பங்காளரின் பங்கு சுருங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தகைய பங்கில் சுரங்கம் திறக்கப்படாமலே ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். துளையிடு, அறிவி, பங்கு விற்று, மீண்டும் துளையிடு. இதில் தவறான அறிவிப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. எல்லாமே விதிப்படி நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஊருக்குக் கிடைப்பது இன்னும் சில ஆண்டுகள் நிச்சயமின்மை. கிணறு கட்டலாமா, பிள்ளைக்குக் காணி எழுதலாமா, கடன் எடுத்து வீட்டைப் பெருப்பிக்கலாமா என்று குடும்பங்கள் தயங்கி நிற்கின்றன.

தீவுக்குள் எதை இழக்கலாம்

புல்மோட்டையோடு ஒப்பிட்டுப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே 1957 இல் அமைக்கப்பட்ட அரச கூட்டுத்தாபனம் பல தசாப்தங்களாக இல்மனைட் எடுத்தது. 1997 செப்டெம்பரில் கனிய மணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிற்றி' கப்பல் கடற்புலிகளால் தாக்கப்பட்டதும் அங்கேதான். ஆனால் புல்மோட்டைக் கரையில் எடுத்த மணலைப் பருவக்காற்றுக் கடல் பெருமளவு திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. மன்னாரில் கேட்கப்படுவது கரையில் ஒதுங்கும் மணல் மட்டுமல்ல, ஊருக்கும் பனைக்கும் அடியில் கிடக்கும் மணல். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கடலும் இல்லை. தீவின் நல்ல தண்ணீர் மணலுக்குள்தான் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. எடுத்த மணலில் நூற்றுக்கு 96 பங்கைத் திருப்பிக் கொட்டுவோம் என்று சொல்லலாம். கொட்டிய மணல் முன்புபோல் தண்ணீரைப் பிடித்து வைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை எந்தக் காலாண்டு அறிக்கையும் தராது.

ஏற்கனவே 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' திட்டத்தின் 30 காற்றாலைகள் தீவில் நிற்கின்றன. அவற்றுக்கென அமைத்த வீதிகளால் வெள்ளம் வடிய வழியில்லை என்று மக்கள் முறையிடுகிறார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் மணல் பயமும் வந்து ஏறியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரையும் ஒரு பாடம். அங்கே 2013 இல் கடற்கரைக் கனிய மணல் அகழ்வுக்கு அரசு தடை விதித்தது. சட்டவிரோத அகழ்வு பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சீபீஐ விசாரணைக்கும், 5,832 கோடி ரூபாவை அறவிடவும் 2025 பெப்ரவரியில்தான் உத்தரவிட்டது. தடைக்கும் தீர்ப்புக்கும் இடையில் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மணல் போன பிறகு வரும் நீதி மணலைக் கொண்டுவராது.

சம்மதம் யாருடையது

மன்னாரில் காணிச் சம்மதம் என்பது எளிதான சொல் அல்ல. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பலர் இன்னும் புத்தளத்தில். படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களின் பெயரில் உறுதிகள் கிடக்கின்றன. பலரிடம் உறுதியே இல்லை, இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. திட்டத்துக்காக இடைத்தரகர்கள் ஊடாகக் காணி வாங்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் தீவில் தொடர்ந்து கேட்கிறது. யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் தூரத்திலிருந்து விற்கப்படும் ஒரு துண்டுக் காணி, பக்கத்துக் காணிக்காரரின் பேரம்பேசும் பலத்தையும் சேர்த்தே விற்றுவிடுகிறது.

அந்தச் சம்மதத்துக்குப் பெறுமதி உண்டு. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க இருந்த அதானி நிறுவனம், வழக்குகளும் எதிர்ப்பும் விலை மீளாய்வும் சேர்ந்து வந்தபின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதானியோடு ஒப்பிட்டால் அரைச் சதப் பங்கு நிறுவனம் தூசு. மாறாக, அதே 2025 இல் புதிய 14 காற்றாலைகளுக்கான பணி ஒரு மாத இடைநிறுத்தத்துக்குப் பின் தொடர்ந்தபோது, செப்டெம்பர் 26 இரவு மறித்து நின்ற மக்கள் மீது பொலிஸார் பலம் பிரயோகித்தார்கள். மக்களின் மறுப்பு சில வேளை வெல்லும், சில வேளை அடி வாங்கும். ஆனால் அது இல்லாமல் இந்தத் தீவில் எந்தக் கணக்கும் முடியாது.

அதனால் இரண்டு தரப்புக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, ஊர் மண்தானே, மலிவாகத்தானே இருக்கிறது என்று இப்படிப்பட்ட பங்கை வாங்க நினைக்கும் உறவுகள், தாங்கள் எதன்மீது பந்தயம் கட்டுகிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். சுரங்கம் திறந்தால்தான் இலாபம். சுரங்கம் திறக்க ஊர் இணங்க வேண்டும் அல்லது பணிய வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு: அந்தச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஆய்வு நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் பணிகளையும் செலவையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். துளையிட்ட இடம், ஆழம், மிஞ்சிய பணம் எல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருக்கும். பேர்த்தில் உள்ள பங்காளர் அதைக் காலைத் தேநீரோடு படிக்கிறார். தன் வளவுக்குப் பக்கத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது ஓலைத்தொடுவாய்க்காரருக்கு மட்டும் தெரியாது. அந்த அறிவிப்புகளைத் தமிழில் பிரதேச செயலகத்திலும் ஆலய, பள்ளிவாசல் முற்றங்களிலும் ஒட்டச் சொல்லிக் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பொது அமைப்புகளும் படித்த இளையவர்களும் சேர்ந்தால் தாங்களே மொழிபெயர்க்கவும் முடியும். காணி உறுதிகளைச் சரிசெய்யும் வேலையும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். அடுத்த முறை துளையிடும் இயந்திரம் வரும்போது, அதற்குப் பின்னால் எத்தனை துளை, எத்தனை பங்கு, எந்தக் காணி என்ற விபரம் மறித்து நிற்பவரின் கையிலும் இருக்கட்டும்.