குறைந்தது திருட்டா, புகாரா?

இரவோடு இரவாகப் பட்டியிலிருந்து நான்கு ஆடுகள் காணாமல் போகின்றன. விடிந்ததும் ஆட்டுக்காரர் பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். "எங்காவது மேயப் போயிருக்கும். நன்றாகத் தேடிப் பாரும்" என்று பதில் கிடைக்கிறது. பேசாமல் திரும்பி விடுகிறார். ஆடும் போயிற்று, பஸ் காசும் போயிற்று. ஆனால் ஸ்டேஷன் கணக்குப்படி அந்த ஊரில் அன்று திருட்டே இல்லை!

இப்படிச் சேர்த்த கணக்கைக் கூட்டிப் பார்த்துத்தான் ஆண்டு முடிவில் "குற்றம் குறைந்தது" என்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடுமா?

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும். லலிதா குமாரி வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு 2013-ல் அளித்த தீர்ப்பு இது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவோ, அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரச் சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம்.

ஒன்றைப் பொதுமக்கள் நினைவில் வைக்க வேண்டும். மனு ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே ரசீது அத்தாட்சி. அறிக்கை பதிவான பிறகுதான் வழக்கு பிறக்கிறது. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வழக்கு நடப்பதாக நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர்!

பழி முழுவதையும் ஸ்டேஷனில் இருப்பவர்கள் மீது போடுவதும் நியாயம் அன்று. பந்தோபஸ்து, கோர்ட்டு வேலை, இரவு ரோந்து எல்லாவற்றையும் அந்தச் சில பேரே பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல், வழக்கு எண்ணிக்கை கூடியதற்காக விளக்கம் கேட்டால், உள்ளதை உள்ளபடி எழுத யாருக்குத் துணிவு வரும்? "எத்தனை வழக்கு?" என்பதைவிட, "எத்தனை பொருள் மீட்கப்பட்டது? புகாருடன் வந்தவர் எப்படி நடத்தப்பட்டார்?" என்று மேலதிகாரிகள் கேட்கட்டும்.

திருடன் ஸ்டேஷன் கணக்கைப் பார்ப்பதில்லை. கேட்பாரில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். இன்று ஆட்டுப் பட்டிக்கு வந்தவன் நாளை வீட்டுக் கதவைத் தட்டாமல் இருப்பானா?