நேயர் விருப்பம்

ஒவ்வொரு காலையும் குறைந்தது இருபது தடவையாவது நான் சொல்லும் சொல் 'நேயர்'. ஆங்கிலத்தில் லிஸனர், மலாயில் பெண்டெங்கார். இரண்டுக்கும் 'கேட்பவர்' என்றுதான் பொருள். தமிழ் வானொலியோ கேட்பவரை 'நேயம் கொண்டவர்' என்கிறது. அது போதாதென்று முன்னால் 'அன்பு' சேர்த்து, 'அன்பு நேயர்களே' என்கிறோம். இத்தனை தாராளமாக அன்பை அள்ளி வீசும் நாம், வீட்டுக்குள் போனதும் ஊமையாகிவிடுகிறோம்.

போன மாதம் ஈப்போவிலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவோ, "உன் மேல உள்ள பாசத்துலதான் வேணாங்கிறேன்" என்கிறாராம். "அக்கா, அப்பா காலையில வேலைக்குப் போறப்ப கார்ல உங்க நிகழ்ச்சியைத்தான் கேப்பாரு. அவருக்காக ஒரு பாட்டு போடுங்க" என்று கேட்டிருந்தார்.

பாசம் என்ற சொல்லின் பழைய பொருள் தெரிந்தால் அப்பா அதைப் பயன்படுத்தத் தயங்குவார். பாசம் என்றால் கயிறு. எமன் கையில் இருப்பது பாசக்கயிறு. சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டிப் போட்டிருப்பதும் பாசம்தான். 1961இல் 'பாசமலர்' பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறைக்கு அது அண்ணன் தங்கை உறவின் சொல். ஆனால் உள்ளே கயிறு இருக்கத்தான் செய்கிறது. நேசம் கொஞ்சம் பரவாயில்லை. வடமொழி சிநேகத்திலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு எண்ணெய்ப் பசை என்றும் பொருள் உண்டு. ஒட்டும், ஆனால் கட்டாது.

அந்தப் பெண்ணை அழைத்து, அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "லவ் யூ பா" என்றார். தமிழில் சொல்லுங்களேன் என்றேன். மறுமுனையில் நீண்ட மௌனம்.

அவர் மேல் தப்பில்லை. 'அன்பு' வாழ்த்து அட்டைக்குப் போய்விட்டது. 'பாசம்' அப்பாவின் கட்சியில் இருக்கிறது. 'காதல்' என்று அப்பாவிடம் சொல்லவே முடியாது. இத்தனைக்கும் பழைய தமிழில் காதல் இவ்வளவு குறுகிய சொல் இல்லை. காதலன் என்றால் மகன் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. வள்ளுவர் 507ஆம் குறளில், வேண்டியவர் என்பதற்காகத் தகுதியில்லாதவரைப் பதவிக்குத் தேர்ந்தெடுப்பதைக் கண்டிக்கும்போது 'காதன்மை' என்கிறார். (மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.) பிறகு சினிமா வந்து அந்தச் சொல்லை இருபது வயதுக்காரர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டது.

'சாப்பிட்டியா' என்பதுதான் தமிழனின் ஐ லவ் யூ என்று ஆளாளுக்குப் பகிர்கிறார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. சில வீடுகளில் பேச வேண்டியதைப் பேசாமல் தப்பிக்கவும் அதே கேள்விதான் உதவுகிறது. வேலையைப் பற்றி மகள் வாயைத் திறந்தால், "மொதல்ல சாப்பிடு" என்பார்கள்.

மௌனத்துக்குப் பிறகு அந்தப் பெண் சொன்னார்: "சாயாங் பா. அப்படின்னு சொல்லலாம் லா, கூச்சமா இல்ல."

மலாய்க்காரர்களின் சொல் நமக்குக் கைகொடுப்பது புதிதல்ல. கடையில் மிச்சச் சில்லறை வாங்கும்போது சொல்கிறோமே, தெரிமா காசே, அதற்கே 'அன்பைப் பெற்றுக்கொள்' என்றுதான் நேர்ப்பொருள். காதலுக்கு அவர்கள் சொல்லும் சிந்தா, நம் சிந்தனைக்குச் சொந்தக்காரி. இரண்டும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. சாயாங் இன்னும் விசேஷம். பிள்ளையைக் கொஞ்சவும் சாயாங், மனைவியைக் கூப்பிடவும் சாயாங். நல்ல வாய்ப்பு கைநழுவினால், 'ஐயோ, வீணாகிவிட்டதே' என்பதற்கும் சாயாங்தான். அப்பாவுக்கு இரண்டு பொருளும் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை 7.10க்கு, அவர் குரலிலேயே அந்த இரண்டு சொற்களை ஒலிபரப்பிவிட்டுப் பாட்டைப் போட்டேன். வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

எட்டு மணி வாக்கில் செய்தி வந்தது. அன்று வேண்டுமென்றே அப்பாவின் காரில் ஏறிக்கொண்டாராம். "ஒன்னும் சொல்லல அக்கா. என்னை இறக்கி விடுறப்ப, பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு மட்டும் கேட்டாரு."