காணத்தக்க ஊர்கள்: ரீம்ஸ்

பாரிஸ் செல்லும் அன்பர்கள் ஒரு நாளை ரீம்ஸ் நகருக்கென ஒதுக்குதல் நன்று. அதிவேக ரயிலில் முக்கால் மணிப் பயணமே. பிரெஞ்சு மன்னர் பலர் முடிசூடிய பேராலயம் 1914இல் ஜெர்மானியரின் பீரங்கித் தாக்குதலில் தீப்பற்றியது. வாயிலில் புன்னகைக்கும் தேவதூதன் சிலையின் தலையும் வீழ்ந்து சிதறிற்று. 1926இல் அதனைச் செப்பனிட்டுப் பொருத்தினர்.

ஷாம்பேன் மது முதிரும் சுண்ணாம்புக்கல் நிலவறைகளை மது அருந்தாதோரும் காணலாம். குண்டு பொழிந்த நாட்களில் மக்களுக்கு அவையே புகலிடம். தெற்கே எபெர்னே வரை திராட்சைக் குன்றுகள்.

1945 மே 7ஆம் நாள் ஜெர்மனி சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்ட பள்ளிக்கூடமும் இந்நகரிலேயே உளது. எனினும் 1962 ஜூலை 8இல் பிரெஞ்சு அதிபர் டி கோலும் ஜெர்மானியப் பிரதமர் அடெனாவரும் அப்பேராலயத்தில் ஒருங்கே வழிபட்டனர். அதனைக் கூறும் கல்வெட்டு ஆலய முற்றத்தில் பதிக்கப்பட்டுள்ளது. அதனைக் காணாது திரும்பற்க.